அலமாரிக்கு ஒரு அக்கா இருந்தாள்: ஆம்ப்ரி என்ற வழக்கொழிந்த சொல்லைப் பற்றிக் கேள்வி பதில்

ஆம்ப்ரியா? அப்படி ஒரு சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லையே?

ஆங்கிலேயர்களிலேயே பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், அதனால் கவலைப்பட வேண்டாம். ஐந்நூறு, அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ரொட்டி, பாலாடைக்கட்டி, மிச்சம் மீதி, பாத்திரம் என்று எல்லாவற்றையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவைக்கிற மரச்சாமானுக்கு அதுதான் பேர். எழுத்தும் நிலையாக இல்லை. ஆம்ப்ரி, ஆம்ரி, ஆமரி, ஆல்மரி என்று எழுதுகிறவர் காதுக்குப் பட்டபடி எழுதினார்கள். அப்புறம் கப்போர்டு வந்தது. அது முதலில் கோப்பைகளைப் பார்வைக்கு அடுக்கிவைக்கிற வெறும் பலகை, கதவுகூடக் கிடையாது. அந்தப் பலகை மெல்ல மெல்லக் கதவு மாட்டிக்கொண்டு ஆம்ப்ரியின் வேலையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. இன்று ஆங்கில அகராதிகளில் ஆம்ப்ரிக்குப் பக்கத்தில் ‘வழக்கொழிந்தது’, ‘வட்டார வழக்கு’, ‘தேவாலயச் சொல்’ என்று ஏதாவது ஒரு முத்திரை இருக்கும்.

சரி, செத்துப்போன ஆங்கிலச் சொல்லைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்?

நம் வீட்டு அலமாரியும் அதுவும் ஒரே சொல் என்பதால்தான். இரண்டுக்கும் தாய் லத்தீனில் இருந்த ‘அர்மாரியம்’. ஒரு மகள் பிரான்ஸ் வழியாக இங்கிலாந்து போய் ஆம்ப்ரி ஆனாள். இன்னொருத்தி போர்ச்சுகல் போய், அங்கிருந்து கப்பலேறி இந்தியக் கரைக்கு வந்து அலமாரி ஆனாள். இங்கே வந்த ஆங்கிலேயர்கள் வேலைக்காரர்கள் வாயால் அலமாரி என்று கேட்டு, ஏதோ இந்தியச் சொல் போலிருக்கிறது என்று எண்ணி ‘அல்மைரா’ என்று தங்கள் மொழியில் சேர்த்துக்கொண்டார்கள். தன் வீட்டில் பரம்பரையாக இருந்த பாத்திரத்தைப் பழையசாமான்காரனுக்குப் போட்டுவிட்டு, கொஞ்ச நாள் கழித்து அதையே ஊர் சந்தையில் காசு கொடுத்து வாங்கி வந்த கதைதான் இது. இது போதாதென்று பிரெஞ்சிலிருந்து ‘ஆர்ம்வார்’ வேறு தனியாக வந்து சேர்ந்தது. ஆக ஆங்கிலத்தில் ஆம்ப்ரி, ஆர்ம்வார், அல்மைரா என்று மூன்று பேர் இருக்கிறார்கள். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் ஒரே அகராதியில் குடியிருக்கிறார்கள்.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1886இல் யூல், பர்னல் இருவரும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியிலேயே அல்மைராவுக்கு நேரே போர்த்துகீசிய வடிவமும், பிரெஞ்சு வடிவமும், பழைய ஆங்கில ஆம்ப்ரியும், லத்தீன் மூலமும் வரிசையாக இருக்கின்றன.

அர்மாரியம் என்றால் ஆயுதக் கிடங்கு என்கிறார்களே?

பாதி சரி. ‘அர்மா’ என்றால் லத்தீனில் ஆயுதம், ஆனால் கத்தி, கேடயம் மட்டுமல்ல, ஒரு வேலைக்கு வேண்டிய கருவிகள், தளவாடம் எல்லாமே அர்மாதான். தமிழிலும் ‘ஆயுத பூஜை’ அன்று நாம் கும்பிடுவது வாளையும் வேலையுமா? தச்சர் உளியையும், டிரைவர் வண்டியையும், பையன் புத்தகத்தையும்தானே வைக்கிறோம். அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் அர்மாரியம் சட்டென்று புரிந்துவிடும்: சாமான் வைக்கிற இடம். நிஜமான படைக்கலக் கிடங்குக்கு ரோமர்கள் ‘அர்மமென்டாரியம்’ என்று வேறு சொல் வைத்திருந்தார்கள். வீட்டு அர்மாரியத்தில் துணி, சாப்பாடு, பணம், புத்தகம்தான் இருந்தன.

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஹெர்குலேனியம் ஊரில், கரியாகிப் போன மர அலமாரிகள் உருக்குலையாமல் கிடைத்திருக்கின்றன. கதவு, தட்டு எல்லாம் இருக்கிறது. பார்த்தால் நம் ஊர்ப் பழைய வீட்டுச் சமையலறையில் இருந்ததைக் கொஞ்சம் கருக்கி எடுத்துவந்த மாதிரிதான் தெரியும்.

ரோமர்கள் அதில் வேறு என்னதான் வைத்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்தது, முன்னோர் முகங்கள். பெரிய குடும்பங்களில் செத்துப்போன தாத்தா, கொள்ளுத்தாத்தாக்களின் முகத்தை மெழுகில் அச்செடுத்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனி அர்மாரியம், முன்கூடத்தில். வீட்டில் இழவு விழுந்தால் அவற்றை வெளியே எடுத்து ஊர்வலத்தில் கொண்டுபோவார்கள். ரோம எழுத்தாளர் மூத்த பிளினி இதை எழுதிவைத்திருக்கிறார். அவருடைய சகோதரி மகன் இளைய பிளினி கடற்கரையில் இருந்த தன் வீட்டை வர்ணிக்கும்போது, ஒரு அறையின் சுவருக்குள்ளேயே பதித்த அர்மாரியத்தைச் சொல்கிறார். அதில் இருப்பவை ஒருமுறை படிக்கிற புத்தகங்கள் அல்லவாம், திரும்பத் திரும்பப் படிக்கிற புத்தகங்களாம். சுவருக்குள் பதித்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

அப்புறம் திருட்டு. கி.மு. 66இல் ரோம வக்கீல் சிசரோ ஒரு கொலை வழக்கில் பேசிய பேச்சில் ஒரு அர்மாரியம் வருகிறது. சாசியா என்ற சீமாட்டி வீட்டில் ஸ்ட்ராட்டோ என்று ஒரு அடிமை, வைத்தியம் தெரிந்தவன். ஒரு ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சக அடிமைகளைக் கொன்று மீன் குளத்தில் தள்ளிவிட்டு, அர்மாரியத்தின் அடிப்பலகையை அறுத்துப் பணத்தையும் ஐந்து ராத்தல் தங்கத்தையும் எடுத்துக்கொண்டான். முன்பக்கப் பூட்டில் கையே வைக்கவில்லை. அடிப்பலகையை வட்டமாக அறுக்க எந்த ரம்பத்தால் முடியும் என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, சாசியாவின் நண்பர் ஒருவருக்குச் சில நாளுக்கு முன் ஒரு ஏலத்தில் சில்லறைச் சாமான்களோடு கிடந்த வளைந்த சின்ன ரம்பம் ஒன்று ஞாபகம் வந்தது. ஏலக்காரரை விசாரித்தால், அதை எடுத்தது ஸ்ட்ராட்டோ. நம் செய்தித்தாள்களில் ‘பீரோ புல்லிங்’ என்று வருமே, ஜன்னலோரம் இருக்கிற பீரோவை வெளியிலிருந்தே இழுத்து நெம்புகிற வித்தை, அதற்கு இரண்டாயிரம் வருஷப் பரம்பரை இருக்கிறது.

அர்மாரியத்தில் இருப்பது ‘ர்’. அலமாரியில் இருப்பது ‘ல’. எப்படி மாறியது?

அர்மாரியம் என்று நாலு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே சொல்லில் இரண்டு ‘ர’ வந்தால் நாக்கு தடுக்கும். தடுக்கும்போது ஒன்றை ‘ல’ ஆக்கிவிட்டால் வேலை சுளுவாகிறது. மொழியியலில் இதை வேற்றினமாதல் என்பார்கள். லத்தீனிலேயே பிற்காலத்தில் ‘அல்மாரியம்’ என்ற வடிவம் வந்துவிட்டது. இது இந்தச் சொல்லுக்கு மட்டும் நடந்த விபத்து இல்லை. அயலூரான் என்ற பொருளுள்ள ‘பெரெக்ரினஸ்’ இப்படித்தான் ‘பெலெக்ரினஸ்’ ஆகி, யாத்திரிகரைக் குறிக்கும் ஆங்கிலப் ‘பில்கிரிம்’ ஆனது. மரத்துக்கு லத்தீனில் ‘அர்போர்’, ஸ்பானியத்தில் ‘ஆர்போல்’. சலவைக்கல்லுக்கு பிரெஞ்சில் ‘மார்ப்ர்’, ஆங்கிலத்தில் ‘மார்பிள்’.

தமிழுக்கும் ர், ல் மாறாட்டம் புதிதல்ல. பந்தல், பந்தர், சாம்பல், சாம்பர், குடல், குடர் என்று கடைப்போலிக்கு உதாரணம் எழுதித்தானே பரீட்சையில் இரண்டு மார்க் வாங்கினோம். காரணம் வேறு, ஆனால் இந்த இரண்டு ஒலியும் எவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பது அதிலேயே தெரியும்.

இத்தாலியர்கள் மட்டும் வேறு வழியில் போனார்கள். முதல் ‘ர’வை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவதை ‘த’ ஆக்கி ‘அர்மாதியோ’ என்றார்கள், மிருதுவான தகரம். தடுக்கிய இடம் ஒன்றுதான், ஆளுக்கொரு பக்கம் விழுந்தார்கள்.

‘அல்’ என்று தொடங்குகிறதே, அரபுச் சொல் இல்லையா?

இல்லை. ஆனால் நியாயமான சந்தேகம். ஸ்பானியத்திலும் போர்த்துகீசியத்திலும் ‘அல்’ என்று தொடங்குகிற சொற்கள் நூற்றுக்கணக்கில் அரபியிலிருந்து வந்தவை. ஐபீரிய நாடுகளில் பல நூற்றாண்டு அரபு பேசியவர்களின் ஆட்சி நடந்ததால் அந்த ஒலி அங்கே எல்லோர் காதுக்கும் பழகியிருந்தது. அல்மாரியோ என்ற வடிவம் அங்கே சிரமமில்லாமல் ஒட்டிக்கொண்டதற்கு அந்தப் பழக்கமும் கொஞ்சம் கைகொடுத்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் ‘ல்’ வந்தது நாக்கு தடுக்கியதால்தான், அரபு வாசமே படாத பிரான்ஸின் வடக்கிலும், ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கமும்கூட ‘அல்’ வடிவம்தான் பரவியிருக்கிறது.

ஆம்ப்ரியில் ‘ப்’ எங்கிருந்து வந்தது?

பழைய பிரெஞ்சில் அது ‘அல்மாரி’. கவனித்தீர்களா, கிட்டத்தட்ட நம் சொல்லேதான்! பிரெஞ்சில் மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் ‘ல்’ கரைந்து ‘உ’ ஆகிவிடும், அதனால் அவுமரி. இங்கிலாந்தில் நடு உயிர் விழுந்து ஆம்ரி. ‘ம்’ முடிந்து ‘ர்’ தொடங்குவதற்குள் உதடு பிரியும்போது இடையில் ஒரு ‘ப்’ தானாகப் பிறக்கும். அறையைக் குறித்த லத்தீன் ‘கமெரா’ பிரெஞ்சில் ‘ஷாம்ப்ர்’, ஆங்கிலத்தில் ‘சேம்பர்’ ஆனதும், ‘நூமெருஸ்’ ‘நம்பர்’ ஆனதும் இதே கதைதான். ஸ்காட்லாந்தில் ‘ப்’ ஏறாமலே ‘ஆம்ரி’ என்று நின்றுவிட்டது.

லண்டனில் ஆம்ப்ரி என்றால் தர்மம் கொடுக்கிற இடம் என்று படித்தேனே?

அது ஒரு குழப்பத்தில் பிறந்த கதை. வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் ஏழைகளுக்குத் தானம் கொடுக்கிற இடத்துக்கு ‘ஆமன்ரி’ என்று பேர், அது தானத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, அர்மாரியத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் வாயில் இரண்டும் ஒன்று போலாகிவிட்டன. 1598இல் லண்டன் நகரத்தைப் பற்றி எழுதிய ஜான் ஸ்டோ, ஜனங்கள் அதை ஆம்ப்ரி என்று திரித்துச் சொல்கிறார்கள் என்று குறைப்பட்டிருக்கிறார். இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன் கடை போட்டிருந்ததும் அந்த இடத்தில்தான். ஏழைகளுக்கு மிச்ச ரொட்டி எடுத்துக் கொடுப்பது எதிலிருந்து? சமையலறை ஆம்ப்ரியிலிருந்து. அதனால் ஜனங்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

மடங்களில் அர்மாரியம் என்றால் நூலகம் என்கிறார்களே, அலமாரி எப்படி நூலகமாகும்?

மொத்த நூலகமே ஒரு அலமாரிக்குள் அடங்குகிற காலம் அது. இத்தாலியின் ராவென்னாவில் கல்லா பிளாசிதியா கல்லறை மண்டபத்தில் ஐந்தாம் நூற்றாண்டு மொசைக் ஒன்று இருக்கிறது. கதவு திறந்த சின்ன அலமாரி, இரண்டு தட்டு, நாலு புத்தகம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று பெயர். இன்னொன்று, இங்கிலாந்தின் வடக்கே நார்த்தம்பிரியாவில் எழுதி 716இல் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பிய பெரிய லத்தீன் பைபிள். அதைக் கொண்டுபோன மடாதிபதி சியோல்ஃப்ரித் வழியிலேயே பிரான்ஸில் இறந்துபோனார், புத்தகம் மட்டும் இத்தாலி போய்ச் சேர்ந்து இப்போது ஃபிளாரன்ஸில் இருக்கிறது. அதில் பைபிளில் வருகிற எழுத்தர் எஸ்ரா உட்கார்ந்து எழுதுகிற படம், அவர் பின்னால் கதவு திறந்த அர்மாரியம், அதில் ஒன்பது புத்தகங்கள் நிற்கவில்லை, படுத்திருக்கின்றன. புத்தகத்தை நிமிர்த்தி முதுகு தெரிய அடுக்குகிற வழக்கம் வர இன்னும் பல நூற்றாண்டு ஆகவேண்டும்.

புத்தகத்தைப் பார்த்துக்கொள்கிற துறவிக்கே ‘அர்மாரியுஸ்’ என்று பேர் வந்துவிட்டது. அலமாரிக்காரர்! பன்னிரண்டாம் நூற்றாண்டில் நார்மண்டியில் ஒரு துறவி எழுதிய கடிதத்தில் வருகிற வரி ஐரோப்பிய நூலகர்களிடையே பழமொழியாகவே ஆகிவிட்டது: அர்மாரியம் இல்லாத மடம், அர்மமென்டாரியம் இல்லாத கோட்டை. புத்தக அலமாரிக்கும் ஆயுதச்சாலைக்கும் ஒரே வேர் என்பதை வைத்து விளையாடியிருக்கிறார், தமிழில் சொன்னால் அந்தச் சிலேடை செத்துவிடுகிறது. இங்கிலாந்தின் டர்ஹம் மடத்திலும் துறவிகள் படிக்கிற தாழ்வாரத்துக்கு எதிரே, கோயில் சுவரை ஒட்டிப் புத்தகம் நிறைந்த பெரிய பெரிய ‘ஆல்மரி’கள் இருந்ததாகப் பழைய குறிப்பு உண்டு. வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் இன்றைக்கும் சில தொகுதிகளுக்கு ‘அர்மாரியம்’ என்றே பேர், பக்கத்தில் எண் போட்டிருப்பார்கள்.

மற்ற மொழிகளில் இது எப்படியெல்லாம் இருக்கிறது?

கையில் உலக வரைபடம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். லத்தீன் வழி வந்த வீடுகளில்: ஸ்பானியம் அர்மாரியோ, கதலான் அர்மாரி, பிரெஞ்சு ஆர்ம்வார், இத்தாலியம் அர்மாதியோ, இன்றைய போர்த்துகீசியம் அர்மாரியோ. (போர்த்துகீசியர்கள் பிற்பாடு படித்தவர்களாகி ‘ர்’ வடிவத்துக்குத் திரும்பிவிட்டார்கள், அவர்கள் விட்டுப்போன ‘ல்’லை நாம்தான் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.) லத்தீன் வழி வராத பக்கத்து வீடுகளும் விடவில்லை. பாஸ்க் மொழியில் அர்மைரு, கிரேக்கத்தில் அர்மாரி, மால்டாவில் அர்மார்யு. வேல்ஸ் மொழியில் அல்மாரி. ஆமாம், அட்சரம் பிசகாமல் அல்மாரி. ஆஸ்திரிய ஜெர்மனிலும் யித்திஷிலும் அல்மர், செக்கில் அல்மரா, பழைய போலிஷில் அல்மரியா, ஹங்கேரியில் அல்மாரியும். குரோவேசியாவில் ஒர்மார், ஸ்லொவேனியாவில் ஒமாரா, இந்த ஒமாரா இன்றைக்கும் அங்கே அன்றாடச் சொல்.

பிராகாவில் ஒரு பாட்டியும், வேல்ஸில் ஒரு விவசாயியும், திருநெல்வேலியில் ஒரு ஆச்சியும் இந்த ஒரு சொல்லில் மட்டும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசிக்கொள்ளலாம்.

கிழக்கே வந்தால் இந்தி, உருது, வங்காளம், மராத்தி எல்லாம் ஆல்மாரி, அல்மாரி. மலையாளம் அலமார, கன்னடம் அலமாரு, சிங்களம் அல்மாரிய. மலாயில் அல்மாரி. இந்தோனேசியர்கள் எழுத்தை முன்பின் மாற்றி லெமாரி ஆக்கினார்கள், குளிர்பதனப் பெட்டிக்கு அவர்கள் சொல்வது ‘லெமாரி எஸ்’, பனி அலமாரி! மொரீஷியஸ் கிரியோலில் பிரெஞ்சுக்காரர்களின் சுட்டுச்சொல்லையும் சேர்த்தே விழுங்கி ‘லார்ம்வார்’ என்கிறார்கள், அங்கே இருக்கிற தமிழ் வம்சாவளிக் குடும்பங்கள் வீட்டிலும் துணி மடித்துவைப்பது அதில்தான்.

இந்தியாவுக்குப் போர்த்துகீசியர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

கூடவே வந்த கும்பலைப் பாருங்கள். அலமாரி தனியாக வரவில்லை. அதன் சாவி (ஷாவே), அது நிற்கிற இடத்துக்குப் பக்கத்து ஜன்னல் (ஜனேலா), எதிரே மேசை (மேசா), மேசைமேல் பேனா (பேனா), செய்துகொடுத்த மேஸ்திரி (மெஸ்த்ரெ), துடைத்துவைத்த ஆயா (ஆயா) எல்லாமே அதே கப்பல்தான். இவற்றுக்கும் லத்தீன்தான் பூர்வீகம். சாவிக்கு ‘கிளாவிஸ்’, ஜன்னலுக்கு வாசலைக் குறித்த ‘யானுவா’, மேசைக்கு ‘மென்சா’, பேனாவுக்கு இறகைக் குறித்த ‘பென்னா’, மேஸ்திரிக்கு ‘மகிஸ்டர்’, ஆயாவுக்குப் பாட்டியைக் குறித்த ‘அவியா’. ஒரு அறை முழுக்கச் சாமானோடு குடிவந்திருக்கிறார்கள்.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததிலிருந்து கணக்கு. அதன் பிறகு முத்துக்குளித்துறை, நாகப்பட்டினம், சாந்தோம் என்று கரை முழுக்க அவர்கள் நடமாட்டம். அவர்கள் அதிகாரம் சரிந்த பிறகும் மொழி உடனே போகவில்லை. டச்சுக்காரன், டேனிஷ்காரன், ஆங்கிலேயன் என யார் வந்து இறங்கினாலும் துறைமுகத்தில் கொச்சைப் போர்த்துகீசியம்தான் எல்லோருக்கும் பொதுவாக ஓடியது, பதினெட்டாம் நூற்றாண்டு வரைக்கும். அதனால்தான் வீட்டுச்சாமான் பேரெல்லாம் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது.

இலங்கையில் ‘அலுமாரி’ என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. ‘அல்மாரி’யில் ‘ல்ம’ என்று இரண்டு மெய் சேர்ந்து நிற்பது தமிழுக்கு ஒத்துவராது, நடுவில் ஒரு உயிரைச் செருக வேண்டும். இந்தப் பக்கம் ‘அ’ செருகினோம், அந்தப் பக்கம் ‘உ’ செருகினார்கள். சொல்லப்போனால் போர்த்துகீசிய விஷயத்தில் யாழ்ப்பாணத்துக்காரர்கள்தான் மூத்தவர்கள். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணம் நேரடியாகப் போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்தது. நாற்காலிக்குக் கதிரை, ஷூவுக்குச் சப்பாத்து, சமையலறைக்குக் குசினி, ரொட்டிக்குப் பாண், கள்ளுக்கடைக்குத் தவறணை என்று நம்மிடம் இல்லாததும் அவர்களிடம் உண்டு. அலுமாரி என்று யாராவது சொன்னால் திருத்தப் போகாதீர்கள்.

அலமாரி வேறு, பீரோ வேறா?

தமிழ்நாட்டில் வேறுதான், கேட்டுப் பாருங்கள். பீரோ என்றால் இரும்பு, பூட்டு, உள்ளே ஒரு லாக்கர், கதவில் ஒரு கண்ணாடி, கல்யாணச் சீர். அலமாரி என்றால் பெரும்பாலும் மரம், இல்லாவிட்டால் சுவரிலேயே பலகை போட்டுக் கதவு வைத்தது, கதவே இல்லாததுகூட. எங்கள் பாட்டி வீட்டில் சுவர் அலமாரியில் ஊறுகாய் ஜாடியும் பஞ்சாங்கமும் இருந்தன. நகையும் பத்திரமும் பீரோவில், பீரோச் சாவி அவள் இடுப்பில்.

பீரோவும் லத்தீன்தான் என்பதுதான் வேடிக்கை. பிரெஞ்சு ‘பியூரோ’. அதற்கு முன்னால் ‘பியூரெல்’ என்ற முரட்டுக் கம்பளித் துணி, அதற்கும் முன்னால் லத்தீனில் ‘புர்ரா’, சொரசொரப்பான மயிர்த்துணி. கணக்குப் பார்க்கிற மேசைமேல் அந்தத் துணியை விரித்தார்கள். துணியின் பேர் மேசைக்கு வந்தது, மேசையின் பேர் அறைக்கு வந்தது, அறையின் பேர் ஆபீசுக்கே வந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் பொலிட்பீரோவில் இருக்கிற பீரோவும் நம் பட்டுப்புடவை பீரோவும் ஒன்றேதான். தெலுங்கில் பீருவா, கன்னடத்தில் பீரு. தடியாக ஒருத்தன் வந்து நின்றால் நாம் ‘பீரோ மாதிரி நிக்கறான்’ என்று கிண்டல் செய்கிறோம் அல்லவா, பிரெஞ்சுக்காரர்கள் அதே ஆளைக் ‘கண்ணாடி வைத்த ஆர்ம்வார்’ என்பார்கள்.

தமிழில் இதற்குச் சொல்லே இல்லையா?

பெட்டி, பேழை, பெட்டகம் எல்லாம் இருந்தன, ஆனால் அவை மேலே மூடி திறப்பவை. மாடக்குழி இருந்தது, அது சுவரில் குடைந்தது, கதவு கிடையாது. பரண், உறி, குதிர் எல்லாம் வேறு வேலைக்கு. நின்றபடி முன்பக்கம் கதவு திறக்கிற மரச்சாமான்தான் புதிது, சாமானோடு பேரும் வந்தது. நிலைப்பேழை என்று தனித்தமிழில் ஆக்கியிருக்கிறார்கள், அழகான சொல், நிற்கிற பேழை. எழுத விருப்பம் உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். நான் வீட்டில் ‘நிலைப்பேழையில் சட்டை இருக்கிறது’ என்று சொன்னால் என் மகள் சிரிப்பாள், அவ்வளவுதான்.

அர்மாவிலிருந்து வேறு சொற்கள் தமிழுக்கு வந்திருக்கின்றனவா?

தினமும் காலையில் உங்களை எழுப்புகிறதே, அலாரம், அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். இத்தாலியப் படைகளில் எதிரி வந்தால் ‘அல்லார்மே’ என்று கூவுவார்கள், ‘ஆயுதத்தை எடு’ என்று பொருள். அந்தக் கூவல்தான் எச்சரிக்கை மணிக்குப் பேராகி, கடிகாரத்துக்குள் போய் உட்கார்ந்தது. ஆர்மியும் அதே. இன்னும் ஆழமாகப் போனால் அர்மாவுக்கும் கிரேக்க ‘ஹர்மோனியா’வுக்கும், பொருத்துதல், இணைத்தல் என்ற ஒரே பழைய வேர். ஆக ஆர்மோனியப் பெட்டியும் தூரத்துச் சொந்தம்.

வரலாற்றில் பேர் வாங்கிய அலமாரி ஏதாவது உண்டா?

இரண்டு. முதலாவது ‘இரும்பு ஆர்ம்வார்’. பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி பாரிஸின் துய்லெரி அரண்மனைச் சுவரில் மரப் பலகைக்குப் பின்னால் இரும்புக் கதவு வைத்த ரகசியப் பெட்டகம் ஒன்று செய்து, அதில் தன் கடிதங்களை மறைத்துவைத்திருந்தார். பூட்டு வேலையில் அவருக்குக் கைகொடுத்த கமேன் என்ற பூட்டுக்காரரே 1792 நவம்பரில் புரட்சி அரசிடம் போய்ச் சொல்லிவிட்டார். திறந்தால் காகிதம் காகிதமாக வந்தது. புரட்சியின் நாயகன் என்று கொண்டாடி, தேசத்தலைவர்களுக்கான பாந்தியோனில் புதைத்த மிராபோ மன்னரிடம் ரகசியமாகக் காசு வாங்கியதும் அம்பலம், பிற்பாடு அவர் உடலைத் தோண்டி வெளியே எடுத்தார்கள். லூயியின் தலை 1793 ஜனவரி 21இல் போனது. அந்தக் காகிதங்கள் இல்லாவிட்டாலும் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் வழக்கு இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது.

இரண்டாவது ரோமில். 1994இல், ராணுவ நீதித்துறைக் கட்டடம் ஒன்றில், கதவுப் பக்கம் சுவரைப் பார்த்தபடி திருப்பிவைத்த ஒரு மர அலமாரியைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளும் பாசிஸ்டுகளும் இத்தாலியில் செய்த கொலைகளைப் பற்றிய 695 கோப்புகள் அதில் தூங்கிக்கொண்டிருந்தன, பல பத்தாண்டுகளாக. இத்தாலியப் பத்திரிகைகள் அதற்கு ‘வெட்கத்தின் அர்மாதியோ’ என்று பேர் வைத்தன. 

ஆம்ப்ரியை இன்று நேரில் பார்க்க முடியுமா?

முடியும். இங்கிலாந்தில் பழைய தேவாலயம் எதிலாவது பலிபீடத்துக்குப் பக்கத்துச் சுவரைப் பாருங்கள். கல்லைக் குடைந்து ஒரு சதுரக் குழி, சிலவற்றில் மரக்கதவு இருக்கும், சிலவற்றில் கதவு போய்க் கீல் இருந்த தடம் மட்டும் இருக்கும். பூசைப் பாத்திரமும் புனித எண்ணெயும் வைக்கிற இடம், அதற்கு மட்டும் ஆம்ப்ரி என்ற பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிளினி வீட்டில் சுவருக்குள் இருந்த புத்தகத் தட்டு, லூயியின் சுவர்ப் பெட்டகம், பாட்டி வீட்டுச் சுவர் அலமாரி, இது நான்காவது. பல தேவாலயங்களில் அதன் முன்னால் ஒரு விளக்கும் எரியும். முதன்முதலில் படத்தில் பார்த்தபோது எனக்கு மாடக்குழி என்றுதான் பட்டது.

லண்டனில் மரச்சாமான் கடையில் அல்மைரா என்று கேட்டால் கிடைக்குமா?

இந்தியர்கள் நிறையப் பேர் வாழ்கிற சவுத்தாலில் கிடைக்கும். மற்ற இடத்தில் வார்ட்ரோப் என்று கேளுங்கள்.